அலாரம் அடித்தால் தீ என்று அர்த்தமா?



மோட்டார், பாய்லர்னு பேச வேண்டிய மேடையில் இவன் ஏன் கர்ப்பகாலப் பரிசோதனையைப் பற்றிப் பேசறான்னு நினைப்பீங்க. இதுவும் அளவீட்டுக் கணக்குதான்; அதனால் துணிந்தேன்.

கர்ப்பத்தின் 11 முதல் 14 வாரத்துக்குள் 'டபுள் மார்க்கர்' என்ற ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். ஸ்கேனில் குழந்தையின் பின்கழுத்து நீரை அளக்கிறார்கள். தாயின் வயதையும் சேர்த்து, டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் குறைபாட்டுக்கு ஓர் எண் தருகிறார்கள்.

என் மனைவிக்கு வந்த எண் 200-ல் 1. பக்கத்திலேயே 'பாசிட்டிவ்'. லேபில் கவரைக் கையில் கொடுத்ததோடு சரி, ஒரு வார்த்தை விளக்கமில்லை. குழந்தைக்குக் குறை உறுதின்னே வீட்டில் எல்லோரும் அழுதாங்க.

உண்மை என்ன? அதே எண் வந்த 200 தாய்மாரில் 199 பேரின் குழந்தைக்கு அந்தக் குறை இருக்காது. ஃபயர் அலாரம் அடிச்சா தீப்பிடிச்சாச்சுன்னு அர்த்தமில்லை; போய்ப் பாருன்னுதான் அர்த்தம். 1000 பேரைச் சோதித்தால் சுமார் 50 பேருக்கு அலாரம் அடிக்கும். அதில் ஓரிருவருக்கே உண்மையில் குறை இருக்கும்.

'நெகட்டிவ்' என்பதும் உத்தரவாதமல்ல. டவுன் சிண்ட்ரோம் உள்ள கருக்களில் பத்தில் ஒன்றை இந்தச் சோதனை தவறவிடலாம். இதயக் கோளாறுகளைப் பார்க்க 18–20 வார ஸ்கேன் தனியே வேண்டும்.

உறுதி செய்ய, 15 வாரத்துக்குப் பிறகு ஊசியால் பனிக்குட நீரை எடுத்துச் சோதிக்கலாம். அதில் சிறிதளவு கருச்சிதைவு அபாயம் உண்டு. ஆகவே பின்விளைவுகளை விளக்கி, அந்தப் பெண்ணுக்குப் புரியும் மொழியில் எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும் என்கிறது 1994-ஆம் ஆண்டுச் சட்டம். ஆம், கருவின் பாலினத்தைச் சொல்லக் கூடாது என்கிற அதே சட்டம்தான்.

அந்தப் 'புரியும் மொழி' முதல் ரத்தம் எடுக்கும்போதே வேண்டும் என்பதே என் கருத்து. பிறகு எங்கள் டாக்டரம்மா பத்து நிமிஷம் தமிழில் சொன்னதும் என் மனைவி தெளிந்தாள். அடுத்து என்ன செய்வதென்று அவளே முடிவெடுத்தாள்.

நண்பர்களே, வீட்டுப் பெண்களோடு நீங்களும் போங்க. இது எதைத் தேடும் சோதனை, இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம், அடுத்த படி கட்டாயமா என்று மூன்று கேள்வி கேளுங்க. பதில் புரியும்வரை கையெழுத்துப் போடாதீங்க.