டி.ஆர்.பி.யில் கொங்கு எங்கே?

ஒவ்வொரு வியாழக்கிழமையும் இந்தியத் தொலைக்காட்சித் துறை ஒரு பட்டியலுக்காகக் காத்திருக்கிறது. சனிக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடியும் வாரத்தில் எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சொல்லும் பட்டியல் அது. டி.ஆர்.பி. என்று நாம் பொதுவாகச் சொல்வது இதைத்தான். ஒளிபரப்பு நிறுவனங்களும் விளம்பரதாரர்களும் விளம்பர ஏஜென்சிகளும் சேர்ந்து 2010இல் தொடங்கிய பார்க் இந்தியா என்ற அமைப்பு, 2015 முதல் இந்தக் கணக்கைத் தருகிறது. ஒரு சீரியல் இன்னும் இரண்டு ஆண்டு ஓடுமா, அவசரமாக முடிக்கப்படுமா, இரவு எட்டு மணி யாருக்கு, மதியம் இரண்டு மணிக்குத் தள்ளப்படுவது எது என்பதெல்லாம் பெரும்பாலும் இந்த எண்களை வைத்தே முடிவாகிறது. பொதுமக்கள் பார்வைக்கு வருகிற பட்டியலில் தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்ந்து ஒரே சந்தை. கொங்கு மண்டலத்தின் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு என்ன பார்க்கின்றன என்பதற்கு அதில் தனி வரி கிடையாது. அந்த வரி ஏன் வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

இந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்று முதலில் பார்ப்போம். கணக்கில் சேர்ந்த ஒவ்வொரு சேனலின் ஒலியிலும், காதுக்குக் கேட்காத ஒரு குறியீடு பதிக்கப்படுகிறது. தேர்ந்தெடுத்த வீடுகளில் டி.வி.யோடு இணைத்திருக்கும் மீட்டர் அந்தக் குறியீட்டைப் பிடித்து, எந்த நிமிடத்தில் எந்தச் சேனல் ஓடியது என்று குறித்துக்கொள்கிறது. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்பது மீட்டருக்குத் தெரியாது. அதற்காக வீட்டில் ஒவ்வொருவருக்கும் ரிமோட்டில் ஒரு பட்டன் உண்டு. பார்க்க உட்காரும்போது அமுக்க வேண்டும், எழுந்து போகும்போதும் அமுக்க வேண்டும். சோமனூர்ப் பக்கம், வீட்டை ஒட்டியே தறிக்குடோன் இருக்கும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். டி.வி. ஓடிக்கொண்டிருக்கிறது. நூல் அறுந்தால் எழுந்து போக வேண்டும், ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்தால் மாற்றிவிட்டு வர வேண்டும். ஒரு மணி நேரத்தில் பல முறை எழுந்து உட்காரும் அந்தப் பெண், அத்தனை முறையும் பட்டனை அமுக்கினால்தான் கணக்கு சரியாக வரும். இப்படிச் சேரும் நிமிடங்களிலிருந்து, ஒரு நிகழ்ச்சியைச் சராசரியாக ஒரு நிமிடத்துக்கு எத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அந்தச் சராசரியை வைத்துத்தான் முதலிடமும் இரண்டாமிடமும் தீர்மானமாகின்றன.

இந்த முறையைப் பற்றி அடிக்கடி எழும் புகார் ஒன்று உண்டு. நாட்டில் 23 கோடி வீடுகளில் டி.வி. இருக்கிறது, மீட்டர் இருப்பதோ 58,000 வீடுகளில்தான் என்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே 2025இல் சொன்னது. அதாவது ஏறத்தாழ நாலாயிரம் வீட்டுக்கு ஒரு மீட்டர். இவ்வளவு குறைவான வீடுகளை வைத்து நாட்டின் ரசனையைச் சொல்லலாமா என்று பலரும் கேட்கிறார்கள். கேள்வி இயல்பானது, ஆனால் குறை அந்த இடத்தில் இல்லை. இந்த வேலையை 1981 முதல் செய்துவரும் பிரிட்டனின் பார்ப் அமைப்பு, சுமார் 2.8 கோடி வீடுகளுக்காக 7,000 வீடுகளைத்தான் கண்காணிக்கிறது. அங்கும் கிட்டத்தட்ட நாலாயிரத்துக்கு ஒன்றுதான். மாதிரிக் கணக்கின் வலு, மொத்தத்தில் அது எத்தனை சதவீதம் என்பதைப் பொறுத்ததில்லை. எத்தனை வீடுகள், அவை எங்கெங்கிருந்து எடுக்கப்பட்டன என்பதைப் பொறுத்தது. நம் ஊர் ஸ்பின்னிங் மில்களுக்கு இது புதிய பாடம் இல்லை. லாரி லாரியாகப் பஞ்சு பேல் வந்து இறங்கினாலும் கைப்பிடி சாம்பிளை உருவித்தான் இழை நீளம் பார்க்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் தனித்தனியாக உருவுகிறார்கள். பத்து லாட்டைக் கலந்து ஒரே சாம்பிள் எடுத்தால் சராசரி தெரியும், எந்த லாட் எப்படி என்பது தெரியாது.

மாதிரியில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும் என்பதற்கு அண்மை வரலாறே சாட்சி. பார்க் இந்தியாவுக்கு முன் டாம் என்ற நிறுவனம் கணக்கெடுத்த காலத்தில் மீட்டர்கள் நகரங்களில்தான் இருந்தன, கிராமம் கணக்கில் இல்லை. 2015 அக்டோபரில் கிராமப்புற எண்கள் முதன்முதலாகச் சேர்ந்தபோது இந்திச் சேனல்களின் வரிசையே புரண்டது. டிடி ஃப்ரீ டிஷ்ஷில் இலவசமாக வரும், பழைய சீரியல்களை மறுஒளிபரப்பு செய்யும் சேனல்கள் முன்வரிசைக்கு வந்தன. பார்வையாளர்கள் அந்த வாரம் திடீரென மாறிவிடவில்லை. அதுவரை எண்ணப்படாதவர்கள் எண்ணப்பட்டார்கள். தமிழ்நாட்டுக்கு இது இன்னும் பொருந்தும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 47 சதவீத வீடுகளில் டி.வி. இருந்தபோது, தமிழ்நாட்டில் 87 சதவீத வீடுகளில் இருந்தது. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு. இங்கே டி.வி. பார்ப்பது ஒரு வர்க்கத்தின் பழக்கமோ, ஒரு நகரத்தின் பழக்கமோ இல்லை.

அப்படியிருக்க, ஒரு மாநிலம் முழுவதையும் ஒரே எண்ணுக்குள் அடக்குவது சரியா? பிரிட்டன் அப்படிச் செய்வதில்லை. அங்கே ஐ.டி.வி. 1955இல் தொடங்கும்போதே வட்டார நிறுவனங்களாகத் தொடங்கியது, விளம்பரமும் வட்டாரவாரியாக விற்றது. அதனால் ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. வட அயர்லாந்தின் மக்கள்தொகை சுமார் 19 லட்சம், வேல்ஸ் 31 லட்சம், ஸ்காட்லாந்து 54 லட்சம். கோவை, திருப்பூர், ஈரோடு ஆகிய மூன்று மாவட்டங்களில் மட்டும் 2011லேயே 82 லட்சம் பேர் இருந்தார்கள். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். தமிழ் சினிமா வியாபாரம் காலம்காலமாகக் கோவை ஏரியா, சேலம் ஏரியா, மதுரை ஏரியா என்று பிரித்துத்தான் படத்தை விற்கிறது, வசூலையும் அப்படித்தான் பார்க்கிறது. நாளிதழ்களுக்குக் கோவைப் பதிப்பு உண்டு, அதற்குத் தனி விற்பனைக் கணக்கும் உண்டு. தியேட்டர் டிக்கெட்டையும் பேப்பரையும் வட்டாரமாக எண்ணத் தெரிந்த மாநிலத்தில், எல்லாவற்றுக்கும் மேலான வீச்சுள்ள தொலைக்காட்சிக்கு மட்டும் அந்தக் கணக்கு பொதுவில் இல்லை.

பார்க் இந்தியாவுக்குக் கட்டணம் கட்டும் சந்தாதாரர்கள் எண்களை இன்னும் பிரித்துப் பார்க்கலாமே என்று ஒருவர் சொல்லலாம். உண்மை. ஆனால் அந்தப் பிரிவுகள் பெரும்பாலும் நகரமா கிராமமா, ஊரின் மக்கள்தொகை எவ்வளவு, குடும்பத்தில் முதன்மையாகச் சம்பாதிப்பவர் என்ன படித்தவர், வீட்டில் என்னென்ன பொருட்கள் உள்ளன என்பதை வைத்து அமைந்தவை. ஊர் அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் திருப்பூரும் திருநெல்வேலியும் ஒரே தட்டில் வரும். வாழ்க்கை நேரமோ வேறு வேறு. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் பெண் ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் கம்பெனியை விட்டு வெளியே வரவே இரவு எட்டரை ஆகிவிடும். மாநிலமெங்கும் முதன்மை நேரம் என்று விலை பேசப்படும் ஏழும் எட்டும் அவர் கையில் இல்லை. பல்லடத்தில் இரவு ஷிப்ட் தறி ஓட்டுபவருக்குப் பகல்தான் ஓய்வு. விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் ஒடிசா, பீகார்த் தொழிலாளர்கள், குடும்பம் வசிக்கும் வீடுகளை அடிப்படையாகக் கொண்ட கணக்கில் எளிதாக விடுபட்டுப் போவார்கள். 2012இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது சென்னைக்கு நாளுக்கு இரண்டு மணி நேரம், கோவைப் பகுதிக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல். ஒரு பக்கம் வெளிச்சத்திலும் மறுபக்கம் இருட்டிலும் கழிந்த மாலைகளைக் கூட்டி எடுக்கும் சராசரி, இரண்டு ஊரின் உண்மையையும் சொல்லாது.

இதன் விளைவு பொழுதுபோக்கோடு நின்றுவிடுவதில்லை. ஒப்பணக்கார வீதியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர் நாளிதழின் கோவைப் பதிப்பில் விளம்பரம் தரலாம். தொலைக்காட்சி என்றால், மாநிலம் முழுவதற்குமான சேனலுக்கு மாநில விலை கொடுக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளூர் கேபிள் சேனலுக்குப் போக வேண்டும். ஒலிக்குறியீடு பதிக்காத அந்தக் கேபிள் சேனலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது வாரப் பட்டியலில் வராது. எண் இல்லாத இடத்துக்கு விளம்பரம் வருவது கடினம், விளம்பரம் வராத இடத்தில் நல்ல செய்தியாளரையும் நல்ல நிகழ்ச்சியையும் வைத்திருப்பது கடினம். நொய்யல் ஆற்றின் சாயக்கழிவும் அத்திக்கடவு–அவிநாசி நீர்த் திட்டமும் இந்த மண்ணில் வீட்டுக்கு வீடு பேசப்படும் விஷயங்கள். அவற்றைப் பற்றிய ஒரு விவாதம் இங்கே பெரும் கவனத்தைப் பெற்றாலும், மாநில எண்ணுக்குள் அது கரைந்துபோகும். கோபிச்செட்டிபாளையத்தின் வயல்களும் பொள்ளாச்சியின் தோப்புகளும் படப்பிடிப்புக்கு வேண்டியிருக்கின்றன. அங்கே வாழ்பவர்கள் என்ன பார்க்க விரும்புகிறார்கள் என்பதும் அதே அளவுக்கு வேண்டும்.

வட்டாரத் தனிக் கணக்குக்கு வலுவான மறுப்பு கணிதத்திலிருந்து வருகிறது. வட்டாரமாகப் பிரித்தால் மாதிரி சிறுத்துவிடும், பிழை பெருகும் என்பார்கள். சரியான வாதம்தான். உதாரணத்துக்கு ஒரு வட்டாரத்தில் 400 மீட்டர் வீடுகள் இருக்கின்றன, அவற்றில் 10 சதவீத வீடுகள் ஒரு சீரியலைப் பார்த்தன என்று வைத்துக்கொள்வோம். உண்மை நிலவரம் 7 முதல் 13 சதவீதத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அந்த நிலையில் 10க்கும் 12க்கும் இடையே முதலிடம் யாருக்கு என்று வாராவாரம் தீர்ப்புச் சொல்வது தவறு. அதனால்தான் வட்டார எண்ணை வாரமாக இல்லாமல் நான்கு வாரச் சராசரியாக, பிழை வரம்போடு சேர்த்து வெளியிட வேண்டும். இது புதிய யோசனையும் இல்லை. மீட்டர் வீடுகளுக்குப் பணம் கொடுத்து எண்ணை ஏற்றினார்கள் என்ற குற்றச்சாட்டு 2020 அக்டோபரில் மும்பையில் வெடித்து, செய்திச் சேனல்களின் எண்கள் நிறுத்தப்பட்டன. 2022 மார்ச்சில் அவை திரும்பி வந்தபோது நான்கு வாரச் சராசரியாகத்தான் வந்தன. சராசரி எடுப்பது வாராந்தர ஆட்டத்தை அடக்குமே தவிர, வீடுகள் குறைவு என்ற குறையைப் போக்காது. அதற்கு வீடுகளைக் கூட்டத்தான் வேண்டும். மீட்டர் வீடுகளை முதலில் 80,000 ஆகவும் பிறகு 1,20,000 ஆகவும் உயர்த்தலாம் என்று 2025 நவம்பரில் அரசின் வரைவு முன்மொழிந்தது. கூடுதல் மீட்டர்கள் எங்கே வைக்கப்படும் என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

எல்லோரும் செல்போனுக்கும் யூடியூபுக்கும் போய்விட்ட காலத்தில் டி.ஆர்.பி.க்கு என்ன மதிப்பு என்பது இன்னொரு மறுப்பு. 2024 கிறிஸ்துமஸ் அன்று பிபிசியின் கேவின் அண்ட் ஸ்டேசி நாடகத்தின் இறுதிப் பகுதியை அன்றிரவே பார்த்தவர்கள் சுமார் 1.23 கோடி. பின்னர் பார்த்தவர்களையும் சேர்த்தபோது அது 1.9 கோடியைத் தொட்டது. பார்ப்பது குறையவில்லை, பார்க்கும் நேரம் நகர்ந்தது. அதை உணர்ந்துதான் பார்ப் அமைப்பு டேப்லெட்டையும் செல்போனையும் கணக்கில் சேர்த்தது, 2025இல் டி.வி. திரையில் ஓடும் 200 யூடியூப் சேனல்களையும் எண்ணத் தொடங்கியது. பழக்கம் மாறுகிறது என்றால் அளவுகோல் விரிய வேண்டும். ஒன்றரை ஷிப்ட் முடித்துவந்து இரவு பத்து மணிக்கு, தவறவிட்ட சீரியலைச் செல்போனில் பார்க்கும் திருப்பூர்ப் பெண்ணை எண்ணாத கணக்கு, வரும் ஆண்டுகளில் மேலும் மேலும் பிசகும்.

கொங்கின் ரசனை மற்ற வட்டாரங்களிலிருந்து வேறுபட்டதில்லை என்று தனிக் கணக்கு காட்டவும் கூடும். அப்படிக் காட்டினால் அதையும் ஏற்போம், ஊகம் ஒன்று அறிவாக மாறியிருக்கும். கேட்பது மூன்று. தமிழ்நாட்டின் மீட்டர் வீடுகளை வட்டாரவாரியாக, ஒவ்வொன்றுக்கும் போதுமான எண்ணிக்கையில் பகிர வேண்டும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை வட்டார எண்களைப் பிழை வரம்போடு பொதுவில் வைக்க வேண்டும். உள்ளூர் கேபிள் சேனல்கள் தாங்கக்கூடிய கட்டணத்தில் கணக்குக்குள் வர வழி செய்ய வேண்டும். கோவையின் தொழில் வர்த்தக அமைப்புகளும் விளம்பரதாரர்களும் கேபிள் ஆபரேட்டர்களும் சேர்ந்து கேட்டால் இது நடக்கக்கூடியதே. விளம்பரப் பணம் இங்கிருந்தும் போகிறது, பார்வையாளரும் இங்கே இருக்கிறார். அவரைத் தனியாக எண்ணுங்கள் என்று கேட்பது நமது உரிமை.