கிரேக்கப் புலவரின் போட்டிக்களம்

(பத்தாம் ஆண்டு விழா உரையின் எழுத்து வடிவம்)



பண்டைக் கிரேக்கர் ஓட்டத்திலும் மற்போரிலும் மட்டுமா போட்டியிட்டனர்? கவிதையும் நாடகமும் அவர்களுக்குப் பரிசுக்குரிய களங்களே. அதனை 'அகோன்' என்றனர்.

போட்டி நல்லதா, தீயதா என்ற வினாவை முதலில் எழுப்பியவருள் ஒருவர் ஹெசியட். 'வேலைகளும் நாள்களும்' என்னும் நூலில், பூசல் ஒன்றன்று, இரண்டு என்கிறார். ஒன்று போரை வளர்ப்பது; மற்றது சோம்பியிருப்பவனை எழுப்பி உழைக்கச் செய்வது. குயவன் குயவனோடும் பாவலன் பாவலனோடும் பொறாமை கொள்வதை அவர் இரண்டாவதன் கணக்கில் சேர்க்கிறார். சொத்துப் பங்கீட்டில் தம்பி பெர்சிஸுடன் பிணக்குற்றவரின் பேச்சு இது. பங்காளிச் சண்டையைப் பட்டறிந்தவர் பாவலர் போட்டியைப் போற்றியது எண்ணத்தக்கது.

ஏதென்ஸ் நகரின் டயோனைசஸ் விழாவில் மூன்று துன்பியல் புலவர்கள் மோதுவர். நடுவர்கள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட குடிமக்கள். கி.மு. 431இல் யூரிப்பிடிஸின் 'மெடியா' இடம்பெற்ற தொகுதிக்குக் கிடைத்தது மூன்றாமிடம், அதாவது கடைசி இடம். வென்றவர் ஈஸ்கிலஸின் மகன் யூஃபோரியன். நடுவர்களை நகைக்கத் தோன்றும். ஆனால் வென்ற நாடகங்கள் அழிந்துவிட்டன. ஒப்பிட்டுப் பாராமல் தீர்ப்பைப் பழிப்பது முறையன்று.

நான் மிகவும் விரும்புவது நகைச்சுவைப் புலவர் கிராட்டினஸின் கதை. கி.மு. 424இல் இளைஞர் அரிஸ்டோஃபனிஸ், 'குதிரை வீரர்கள்' நாடகத்தில், அவரைக் காலங்கடந்த குடிகாரக் கிழவர் என்று மேடையிலேயே எள்ளினார். கிழவர் மறுக்கவில்லை. மறு ஆண்டே 'மதுக்குடுவை' என்றொரு நாடகம் இயற்றினார். அதில் நகைச்சுவைக் கலையே அவர் மனைவி. கணவன் தன்னை மறந்து குடியே கதியாகக் கிடக்கிறான் என்று முறையிடுகிறாள்! முதற்பரிசு அந்நாடகத்திற்கே. அவ்வாண்டு அரிஸ்டோஃபனிஸின் 'மேகங்கள்' கடைசி இடம் பெற்றது. ஆறாத மனத்தோடு அவர் அதைத் திருத்தி எழுதினார். அவையோரைக் கடிந்துகொள்ளும் அத்திருந்திய வடிவமே இன்று நம் கையில் உள்ளது. வசைக்கு விடையும் தோல்விக்கு விடையும் புதிய எழுத்தாகவே வந்தன.

கி.மு. 405இல் அவரே 'தவளைகள்' நாடகத்தில் மாண்ட புலவர் இருவரைப் பாதாளத்தில் மோதவிட்டார். ஈஸ்கிலஸின் அடிகளும் யூரிப்பிடிஸின் அடிகளும் தராசில் நிறுக்கப்படுகின்றன. சிரித்துக்கொண்டிருக்கையில் கேள்வி மாறுகிறது: நகரைக் காக்க எவர் நல்வழி கூறுவார்? உரிமை இழந்த குடிமக்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளுமாறு பாடற்குழு வேண்டுகிறது.

மறு ஆண்டு ஏதென்ஸ் ஸ்பார்ட்டாவிடம் பணிந்தது. முப்பதின்மர் ஆட்சியில் குடிமக்களே குடிமக்களைக் கொன்றனர். ஹெசியட் அஞ்சிய பூசல் வந்துவிட்டது. கி.மு. 403இல் மக்களாட்சி மீண்டபோது, பழைய தீமைகளை நினைவுகூர்வதில்லை என்று உறுதிமொழி எடுத்தனர்.

கி.மு. 401இல், மறைந்த சோஃபக்ளிஸின் 'கொலோனஸில் ஈடிபஸ்' நாடகத்தை அவர் பெயர் தாங்கிய பேரன் அரங்கேற்றினார். அரியணைக்காகப் போரிடும் மக்கள் இருவரையும், ஒருவன் கையால் ஒருவன் மடிக என்று தந்தை சபிக்கும் காட்சி அதில் உண்டு. உள்நாட்டுப் போரில் உறவினரை இழந்தவர்கள் அந்த அரங்கில் அமர்ந்து அதைக் கேட்டார்கள்.