எந்தத் தெரு?



புதுச்சேரியில் வீடு தேடியபோது, வாடகை எவ்வளவு என்று நான் கேட்கும் முன்பே வீட்டுக்காரர் கேட்டார்: "சொந்த ஊரு எது, எந்தத் தெரு?" சொன்னேன். "மகள் வர்றா, வீடு இல்லை" என்றார். மறுவாரமும் 'வீடு வாடகைக்கு' அட்டை அங்கேயே தொங்கியது.

கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளையர், மேற்கே தமிழர் என்று பிரெஞ்சு ஆட்சியில் ஊர் பிரிந்திருந்தது. மேற்கிலோ வைசியாள் வீதி, செட்டித் தெரு என்று தெருப் பெயரிலேயே சாதி. 1954இல் பிரெஞ்சு ஆட்சி போனது, "எந்தத் தெரு?" போகவில்லை.

1950களில் லண்டனுக்குக் குடியேறிய கரீபியத் தீவுகளின் கறுப்பின மக்களுக்கும் வாடகை வீடு மறுக்கப்பட்டது. நம்மூர்ச் சீட்டு போலவே பணம் சேர்த்துப் பலர் வீடு வாங்கினார்கள்; பிரிக்ஸ்டன் அவர்களுடைய பேட்டையானது. ஆனாலும் சீட்டு எடுக்க முடியாதவருக்குச் சட்டம்தானே துணை? வீடு தருவதில் நிறவெறியைத் தடுக்கும் சட்டம் அங்கே 1968இல் வந்தது.

நம் அரசமைப்பின் 15(2) பிரிவு கடை, உணவகம், கிணறு, குளத்தில் சாதி பார்க்கக் கூடாது என்கிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை.

வீடு மறுக்கப்பட்ட தோழர்களே, வெட்கப்பட வேண்டியவர்கள் நாமல்ல. தேதி, தெரு, சொன்ன காரணம் மூன்றையும் எழுதி வையுங்கள். அவற்றோடு சட்டமன்றத்துக்குப் போவோம்.