மேற்படிப்பு டாக்டர்களும் மாவட்ட ஆஸ்பத்திரியும்



மாவட்ட ஆஸ்பத்திரிக்குச் சென்று திரும்பிய சிலர், “படிக்கிற பிள்ளைகளை விட்டுப் பார்க்கிறார்கள்” என்று நம்மிடம் குறைப்பட்டுக்கொண்டனர். அதன் உண்மையை எடுத்துக் கூறுவது நம் கடமை.

அப்பிள்ளைகள் எம்.பி.பி.எஸ். தேறிய டாக்டர்களே. பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு போன்ற ஒரு துறையில் மூன்றாண்டு மேற்படிப்புப் பயில்பவர்கள். 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியான விதியின்படி, 2021-ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல், இத்தகையோர் மூன்று மாத காலம் மாவட்ட ஆஸ்பத்திரியில் பணியாற்றியாக வேண்டும். மருத்துவக் கல்லூரிகளும் மாவட்டச் சுகாதார நிர்வாகமும் கலந்து இதற்கு ஏற்பாடு செய்கின்றன. அக்காலத்திலும் அவர்களுக்கு உதவித்தொகை முழுமையாக உண்டு. அங்குள்ள அனுபவமிக்க டாக்டர்களின் மேற்பார்வையில் அவர்கள் பணிபுரிகின்றனர்.

இவ்வேற்பாடு எதற்காக? நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருவோரில் பலர், வேறிடத்தில் முதற் சிகிச்சை பெற்ற பின்னரே வருகின்றனர். வயலில் கண்ணாடி விரியன் தீண்டிய உழவரோ நேரே மாவட்ட ஆஸ்பத்திரிக்கு வருகிறார். முதல் சில மணி நேரத்தில் உயிர் காக்கும் பயிற்சியை இளம் டாக்டர் அங்கேதான் பெறுகிறார். இரவிலும் பணிபுரிய ஒரு கை நமக்குக் கூடுகிறது.

ஆகவே நாமும் ஒத்துழைப்போமாக. பாம்பு தீண்டியவரை, கடிவாயைக் கீறாமலும் இறுகக் கட்டாமலும் விரைந்து கொண்டு செல்லுங்கள். தீண்டிய நேரத்தைச் சரியாகச் சொல்லுங்கள். பூச்சிமருந்து உட்கொண்டவராயின் மருந்துப் புட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். “பெரிய டாக்டர் வரட்டும்” என்று இளம் டாக்டரைத் தடுக்காதீர்கள். அவ்வாறு கழியும் நேரத்தில் போவது நம்மவர் உயிரன்றோ!