கடைமடைக்கு எட்ட வேண்டிய செய்தி

(கீழ்வேளூர் வட்டாரத்து ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)

   

மேட்டூர் அணை திறக்கும் நாளை இந்த வட்டாரத்தில் எவருக்கும் நினைவூட்ட வேண்டிய அவசியமில்லை. ஜூன் மாதம் 12ஆம் தேதி வழக்கமான நாள். 2022ஆம் ஆண்டில் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2024ஆம் ஆண்டில் ஜூலை 28 வரையில் காத்திருக்க நேர்ந்தது. கல்லணையைக் கடந்து, வெண்ணாற்றின் கிளைகள் வழியாக நம் வாய்க்காலுக்கு நீர் வந்து சேர எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டால், எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்கூடக் கணக்காகச் சொல்லிவிடுவார். கடைமடையில் வாழ்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு பிழைப்போடு ஒட்டியது.

அதே ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடங்களும் திறக்கின்றன. ஆனால் பள்ளிக்கூடத்துப் பஞ்சாங்கம் நமக்கு அவ்வளவு மனப்பாடமாயில்லை. எந்த மாதத்தில் எந்தத் தேர்வுக்கு விண்ணப்பம், எந்தச் சான்றிதழ் எதற்கு வேண்டும், ஒரு வகுப்பில் எடுத்த முடிவு பின்னர் எங்கே வந்து தடுக்கும் என்பவை ஆசிரியர்களுக்குத் தெரியும். ஆசிரியரைத் தேடிச் சென்று கேட்கும் பெற்றோருக்கும் தெரியும். விடியுமுன் வயலுக்குப் போய்ப் பொழுது சாய்ந்து திரும்புகிறவர்களுக்குத் தெரிவதில்லை. அவர்களுக்கு அதை எட்டச் செய்வது ஊராட்சியின் வேலை என்று நான் கருதுகிறேன். அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில், இந்தக் கோடை விடுமுறையிலேயே முடிவு செய்ய வேண்டிய ஒன்று. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 5ஆம் வகுப்பை முடித்த பிள்ளையை 6ஆம் வகுப்பிற்கு எங்கே அனுப்புவது? பஸ் வசதியைப் பார்க்கிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை போகும் இடத்தைப் பார்க்கிறோம். சில சமயம் சீருடையின் பகட்டையும் பார்க்கிறோம். இவற்றோடு சட்டம் ஒன்றையும் பார்க்க வேண்டும். 2020ஆம் ஆண்டில் மருத்துவப் படிப்பிற்கும், 2021ஆம் ஆண்டில் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட சட்டங்களின்படி, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இடங்கள் தனியே ஒதுக்கப்பட்டன. 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு முடிய அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்பது இதற்குரிய பொது நிபந்தனை. ஊராட்சி ஒன்றியப் பள்ளியும், நகராட்சிப் பள்ளியும், ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் அரசுப் பள்ளிகளாகவே எண்ணப்படும். அரசின் உதவி பெறும் தனியார் பள்ளி அவ்வாறு எண்ணப்படுவதில்லை.

இதன் பொருள் என்னவென்று சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். 8ஆம் வகுப்பை மட்டும் ஓராண்டு வேறு பள்ளியில் படித்துவிட்டு அரசுப் பள்ளிக்கே திரும்பி வந்த பிள்ளை, 12ஆம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்து நிற்கும்போது, அந்த ஓராண்டு குறுக்கே வந்து நிற்கும். கட்டாயக் கல்விச் சட்டத்தின்கீழ்த் தனியார் பள்ளியின் 25 விழுக்காட்டு இடத்தில் சேர்ந்து 8ஆம் வகுப்பு வரையில் படித்து, பின் 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் பயின்றவருக்கு விலக்கு உண்டு. மற்றவருக்கு இல்லை. உதவி பெறும் பள்ளிகளைக் குறைத்துப் பேச நான் இங்கு வரவில்லை. இந்த மாவட்டத்தில் பல தலைமுறைகளுக்கு எழுத்தறிவித்தவை அவை. அங்கே சேர்ப்பதானாலும், எது கிடைக்கும் எது கிடைக்காது என்பதைத் தெரிந்துகொண்டு சேர்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

குறுவை நெல்லைப் போன்று நூறு நாளில் பலன் தெரியும் முடிவன்று இது. ஏழு ஆண்டுகள் கழித்தே தெரியும். அதனாலேதான் அலட்சியமாக விட்டுவிடுகிறோம்.

இதை வேறெங்கும்விடக் கீழ்வேளூரில் வலியுறுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி ஒன்று அண்மை ஆண்டுகளில் இங்கேயே அமைந்திருக்கிறது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் 2012ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. திருவாரூரை அடுத்து மத்தியப் பல்கலைக்கழகம் 2009ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. நம் பாட்டன்மார் காலத்தில் வேளாண்மைப் பட்டம் பெறக் கோயமுத்தூருக்குப் போக வேண்டியிருந்தது. இன்று கல்லூரி நம் வாசற்படியில் வந்து நிற்கிறது. அதற்குள்ளே இந்த ஊரில் நாற்று நட்டவர்களின் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒவ்வோர் ஊராட்சியும் தன் ஊர் அளவில் எண்ணிப் பார்க்கலாம். கல்லூரி நம் ஊரில் இருப்பதனால் மட்டும் நம் பிள்ளைக்கு இடம் கிடைத்துவிடாது. மேல்நிலை வகுப்பில் எடுத்த பாடமும் பெற்ற மதிப்பெண்ணுமே தரவரிசையைத் தீர்மானிக்கின்றன. மேல்நிலைப் பள்ளியில் வேளாண்மையைத் தொழிற்கல்விப் பாடமாகப் படித்தவர்களுக்கும் அப்பல்கலைக்கழகம் சில இடங்களை ஒதுக்கி வந்திருக்கிறது. 10ஆம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தவுடன் பாடப் பிரிவைத் தெரிந்தெடுக்கும் அந்த ஒரு வாரத்தில் தலைமையாசிரியரைச் சந்திக்காமல் இருந்துவிடாதீர்கள்.

அடுத்து உதவித்தொகைகள். பல உள்ளன, எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்; ஏனெனில் அதுவே நம் வயல் வேலையோடு நேருக்கு நேர் மோதுகிறது.

தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் திட்டம் என்று ஒன்று 2008ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. 8ஆம் வகுப்பில் படிக்கும்போது தேர்வு எழுத வேண்டும். தேர்ச்சி பெற்றவர்களுக்கு 9ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரையில் ஆண்டுக்கு 12,000 ரூபாய், ஆக நான்காண்டுகளில் 48,000 ரூபாய், பிள்ளையின் வங்கிக் கணக்கிலேயே வந்து சேரும். தமிழ்நாட்டிற்கு 6,695 இடங்கள். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி இரண்டிலும் படிப்போர் எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்திற்கு மேற்படக் கூடாது. 7ஆம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். ஆதிதிராவிட, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 50 விழுக்காடு போதும்.

அண்மை ஆண்டுகளில் இதற்கு விண்ணப்பம் பெற்ற காலம் பெரும்பாலும் மார்கழி, தை. தேர்வு நடந்தது தை அல்லது மாசியில். அக்காலத்தில் நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்? ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளிக்கூடங்கள் பல நாட்கள் மூடிக் கிடக்கின்றன. சம்பாப் பயிர் தண்ணீரில் நிற்கிறது. வடிகால் வெட்டப் போகிறோம். மழை ஓய்ந்ததும் அறுவடை. அதன்பின் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளுக்குக் காவல். இந்த நெருக்கத்தில், பள்ளியில் பிள்ளை கொண்டுவந்த சீட்டு ஒன்று கூரையில் செருகப்பட்டு அங்கேயே இருந்துவிடுகிறது. பாடமும் அப்படியே. மழைக்கால விடுமுறையில் விட்டுப்போன பாடத்தை மழை நின்றபின் சேர்த்துப் படிக்க வேண்டிய நேரத்தில்தான் தேர்வு வருகிறது. ஊரில் பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர் இருவரை ஊராட்சி அழைத்து, ஆடி மாதத்திலிருந்தே 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு மணி நேரம் பயிற்சி தரச் செய்தால் போதும். மனத்திறன் கேள்விகள் பழக்கத்தினால் வருபவை. பெரும் புலமை வேண்டியதில்லை.

தேர்ச்சி பெற்றபின் ஒரு பள்ளம் இருக்கிறது. இத்தொகை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். புதுப்பிக்கத் தவறினால் தொகை நின்றுவிடும். 10ஆம் வகுப்பில் 60 விழுக்காடு, ஆதிதிராவிட, பழங்குடிப் பிள்ளைகளாயின் 55 விழுக்காடு பெற்றால்தான் 11ஆம் வகுப்பில் தொடரும். வென்ற பிள்ளையின் படத்தை ஊர் முச்சந்தியில் ஒட்டி மகிழ்கிறோம். மறு ஆண்டில் அந்தப் பிள்ளைக்குப் பணம் வந்ததா என்று கேட்பார் இல்லை.

ஊரகத் திறனாய்வுத் தேர்வு என்பது கிராமப் பகுதிகளிலும் பேரூராட்சிகளிலும் 9ஆம் வகுப்புப் பயில்வோருக்கு உரியது. மாவட்டத்திற்கு 50 மாணவர், 50 மாணவியர் தேர்ந்தெடுக்கப்படுவர். ஆண்டுக்கு 1,000 ரூபாய். இன்றைய விலைவாசியில் இது ஒரு தொகையா என்று கேட்பீர்கள். உயர்த்தப்பட வேண்டும் என்பதே என் கருத்தும். ஆயினும் நம் போன்ற ஊர்களுக்கென்றே ஏற்பட்ட போட்டி அது. பெரிய நகரத்துப் பிள்ளை அதில் வந்து நிற்பதில்லை. 11ஆம் வகுப்பில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டாண்டுகள். அதில் பாதி இடம் அரசுப் பள்ளிக்கு.

பெண் மக்களைப் பற்றி ஒரு சொல். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இந்தக் காவிரிக் கரையில் வாழ்ந்தவர். அவர் பெயரால் 1989ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டம், ஏழைப் பெண்ணின் திருமணத்திற்கு உதவுவதாயிருந்தது. 2022ஆம் ஆண்டில் அதே பெயரில், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண், கல்லூரியில் பயிலும் காலமெல்லாம் மாதம் 1,000 ரூபாய் பெறும் திட்டமாக மாற்றப்பட்டது. 2024ஆம் ஆண்டில் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் பயின்ற மாணவியருக்கும் அது விரிந்தது. ஆண் பிள்ளைகளுக்கும் அதைப் போன்ற ஒன்று அவ்வாண்டிலேயே வந்தது. தாலிக்கு என்றிருந்த பணம் படிப்புக்கு என்று ஆனதைச் சிலர் குறை கூறக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டம் பெற்ற பெண்ணின் வீட்டில் திருமணம் நின்றுபோனதாக நான் கேட்டதில்லை.

சிறு பிள்ளைகளின் காலை உணவையும் இங்கே கூறத்தான் வேண்டும். அந்தத் திட்டம் 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் தேதி மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது நமக்கு அடுத்த திருக்குவளையில்தான். நடவுக் காலத்தில் தாய் விடியுமுன் புறப்பட்டுவிடுகிறாள். மூத்த பெண், தம்பி தங்கைக்கு ஏதாவது கொடுத்துவிட்டுத் தானும் பள்ளிக்குப் போக வேண்டும். பல நாட்கள் போவதில்லை. இப்பொழுது அறுவடை இயந்திரம் வந்தபின் பிள்ளைகளை வயலுக்கு அழைப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது, உண்மை. வீட்டைப் பார்த்துக்கொள்ள நிறுத்துவது அவ்வளவாகக் குறையவில்லை. ஆகவே காலை உணவு நேரத்திற்கு வருகிறதா என்று பார்ப்பது, அந்த மூத்த பெண்ணின் படிப்பையும் பார்ப்பதாகும்.

சான்றிதழ் விஷயம் சுருக்கமாக. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்றை ஆண்டுதோறும் புதிதாகப் பெற வேண்டும். பள்ளிப் பதிவேட்டிலும் ஆதார் அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஒன்றாயிருக்க வேண்டும். ‘செல்வி’ ஓரிடத்திலும் ‘தமிழ்ச்செல்வி’ மற்றோரிடத்திலும் இருந்தால் பணம் வழியிலே நின்றுவிடும். 5ஆம் வகுப்பிலேயே திருத்திவிடுவது எளிது. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அடித்தபோது கூரையோடு காகிதங்களையும் பறிகொடுத்த வீடுகள் எத்தனை என்பதை நீங்கள் அறிவீர்கள். பிரதி ஒன்றைப் பள்ளியிலும் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இனி, மனத்தில் உள்ளதை மறைக்காமல் கூறுகிறேன். கீழவெண்மணி இவ்விடத்திற்கு அருகில்தான் இருக்கிறது. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதி இரவு, கூலிப் பூசலின் தொடர்பாக அங்கே 44 பேர், பெண்களும் குழந்தைகளுமாக, குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்தக் காலம் போய்விட்டது. அவர்களின் தெருவிலிருந்து படித்து வெளியே போனவர்கள் இன்று இருக்கிறார்கள். ஆனாலும் அறிவிப்பு ஒன்று ஊருக்கு வந்தால் அது ஒட்டப்படும் இடம் எது? ஊராட்சி அலுவலகச் சுவர், கடைத்தெரு. கூலி வேலை செய்கிறவர்களின் தெரு வாய்க்காலுக்கு அப்பால் இருக்கிறது. வாய்க்காலின் தலைப்பில் உள்ளவன் பாய்ச்சி முடித்த பின்னரே கடைசி வயலுக்கு நீர் என்ற வழக்கம் நீரில் தவிர்க்க முடியாததாயிருக்கலாம். செய்தியில் அதற்கு எவ்வித நியாயமும் இல்லை.

கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி ஒவ்வொரு பள்ளியிலும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். உள்ளாட்சி உறுப்பினருக்கும் இடமுண்டு. அக்கூட்டத்திற்குப் போகும் உறுப்பினர், கட்டடம், கழிப்பறை, குடிநீர் பற்றிப் பேசுவதோடு, 8ஆம் வகுப்பில் எத்தனை பேர், அவர்களில் விண்ணப்பம் கொடுத்தவர் எத்தனை பேர் என்றும் கேட்க வேண்டும்.

2019ஆம் ஆண்டு டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025ஆம் ஆண்டு ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றதை அறிவீர்கள். பொறுப்பில் இருப்பவர் யாராயினும் கிராம சபை கூட வேண்டியதே. குடியரசு நாள், மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகியவற்றோடு, மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் 2022ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டன. ஆகஸ்டு 15 கூட்டத்தில் 5ஆம் வகுப்பு முடித்த பிள்ளைகள் ஒவ்வொருவரும் எங்கே சேர்ந்தார்கள் என்று தெருவாரியாகக் கேட்டறியுங்கள். எங்கும் சேராத பிள்ளை இருந்தால் அன்றே தெரிந்துவிடும். நவம்பர் 1 கூட்டத்தில் 8, 9ஆம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை வாசித்து, அவர்களுடைய சான்றிதழ்கள் ஆயத்தமாயிருக்கின்றனவா என்று பாருங்கள். ஜனவரி 26 வரையில் தள்ளிப் போட்டால் விண்ணப்ப நாள் பெரும்பாலும் கடந்திருக்கும். நவம்பர் 1 மழை நாளாக இருந்து, வாய்க்காலுக்கு அப்பாலுள்ளவர்கள் வர இயலாவிட்டால், உறுப்பினர் ஒருவர் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு மறுநாள் அந்தத் தெருவுக்கே போய் வாசித்துவிட்டு வரட்டும்.