துருவும் உருவும்
(ஆண்டுவிழாச் சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சரிவில், ஏலத்தோட்டத்து அரிவாள் ஒன்று ஒரு மழைக்காலம் மண்ணிற் கிடந்தால் செம்பழுப்பாகிவிடும். நிழலும் இலைமக்கும் ஓயாத ஈரமும் ஒருங்கே கூடிய இடம் அது. மண்ணும் அமிலத்தன்மை உடையது. அதனால்தான் தோட்டத்தார் சுண்ணாம்பு இடுகின்றனர். அங்ஙனமிருக்க, பொருநையாற்றங்கரை ஆதிச்சநல்லூர்த் தாழிகளில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் கிடந்த இரும்பு, அலெக்சாந்தர் ரீ 1899 முதல் 1905 வரை அகழ்ந்தபோது வாளென்றும் வேலென்றும் அறியுமாறு எஞ்சியிருந்தது எவ்வாறு?

காத்தது துருவே. புதைந்த இரும்பு முதலில் விரைந்து அரிக்கப்படும். பின்னர் அத்துருவே போர்வையாகி, உயிர்வளியின் வரவைக் குறைக்க, அரிப்பு மிகமிக மெதுவாகும். பொருளின் பழைய மேற்பரப்பு அப்போர்வைக்குள்ளேதான் பதிந்திருக்கிறது. காம்பின் மரமும் சுற்றிய துணியும் மட்கிய பின்னும் அவற்றின் இழைச்சுவடு துருவில் நிற்பதுண்டு. பளபளப்பு வேண்டித் துருவைச் சுரண்டுபவர் பொருளையே சுரண்டி எறிகிறார். துரு என்றவுடன் அழிவையே உவமையாகக் காணும் கவிஞர்கள் இதனைச் சற்றே எண்ணிப்பார்க்கலாம்.

இன்னல் தொடங்குவது வெளியே எடுத்த பின்னர்தான். மண்ணிலிருந்து ஊறிய குளோரைடு உப்பு, துருவுக்கடியில் உலோகத்தை ஒட்டித் தங்கியிருக்கும். காற்றும் ஈரமும் பட்டதும் மேற்பரப்பில் பழுப்புத் துளிகள் கசியும். மேனாட்டார் இதனை ‘அழும் இரும்பு’ என்பர். உள்ளே புதிய படிகங்கள் பருக்க, பொருள் ஏடேடாக உரிந்து தூளாகும். நூற்றாண்டுகள் மண்ணில் தாங்கியது, கண்ணாடிப் பேழைக்குள் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். காரக் கரைசலில் திங்கட்கணக்கில் ஊறவைத்து உப்பை வெளியேற்றுவதும், ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு காற்றுப்புகாப் பெட்டியில் வைப்பதுமே வழி. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் எஸ். பரமசிவன் தொடங்கிய வேதியியல் ஆய்வுக்கூடம் இத்தகைய காப்புப்பணிக்கு நம் நாட்டில் முன்னோடியாகும். (தில்லித் தூண் ஏறத்தாழ 1600 ஆண்டுகளாக வெட்டவெளியில் நிற்பது வேறு கதை. பாஸ்பரஸ் மிகுந்த அதன் இரும்பு தானே காப்புப் படலம் உண்டாக்கிக்கொண்டது.)

தனியே எடுத்த இரும்பு தன் காலத்தையும் இழக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ஆய்வறிக்கை, சிவகளை இரும்பின் தொன்மையைக் கி.மு. 3345 வரை கொண்டுசென்றது. உடன்கிடந்த கரி முதலியனவே அக்கணக்குக்குச் சான்று.

தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தொன்மையான தமிழ்ப் பிராமி நடுகற்கள் வெளிப்பட்டன. போடிப் புலத்திலும் நாளை ஒரு மண்வெட்டி தாழியில் இடறலாம். எண்ணெய் தடவுவதும் புளியிட்டுத் துலக்குவதும் வீட்டு அரிவாளுக்கு ஆகும். தாழியின் இரும்புக்கு ஆகா.