வசனத்தின் மறுபாதி



கன்னம் வீங்கிய ஒரு பெண், ஆராதனை முடிந்து எல்லாரும் போனபின்பும் கோயில் வாசலிலேயே நின்றதை நான் கண்டிருக்கிறேன். இனி அந்த வீட்டுக்குப் போகமாட்டேன் என்றாள். மூப்பர்கள் கூடி ஜெபித்தார்கள். மல்கியா 2:16-ஐ எடுத்து, விவாகரத்து கர்த்தருக்கு அருவருப்பு என்று காட்டினார்கள். பொறுத்துப் போம்மா என்று சொல்லி, வந்த ஆட்டோவிலேயே திருப்பி அனுப்பினார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். வாய் திறக்கவில்லை. அன்று பேசாததை இன்று பேச வந்திருக்கிறேன்.

அந்த வசனத்தை நாம் முழுவதும் வாசித்தோமா? பாதியில் நிறுத்திவிட்டோம்! மறுபாதியில் கர்த்தர் கொடுமை செய்கிறவனைச் சேர்த்தே கண்டிக்கிறார். இரண்டு வசனம் முன்னே போங்கள். இளவயதில் கைப்பிடித்தவளுக்குத் துரோகம் செய்த புருஷனுக்கு எதிராகக் கர்த்தரே சாட்சியாக நிற்கிறார். மல்கியா பிரம்பை ஓங்கியது ஆண்களை நோக்கி. நாம் அதைப் பிடுங்கி, ஏற்கெனவே அடிபட்டவள் முதுகில் வைத்தோம்.

மத்தேயு 19-க்கு வாருங்கள். பரிசேயர் இயேசுவிடம் என்ன கேட்டார்கள்? எந்தக் காரணத்துக்காகவும் ஒருவன் மனைவியைத் தள்ளலாமா என்று கேட்டார்கள். அது கண்ணி, பதில் உயிருக்கே உலை வைக்கலாம். ஏரோது தன் சகோதரன் மனைவியை வைத்துக்கொண்டதைக் கண்டித்ததால்தான் யோவான்ஸ்நானனின் தலை போயிற்று. அதோடு, யூத போதகருக்குள் அந்நாளில் பெரிய வழக்கு ஒன்று இருந்தது. ஷம்மாயின் பள்ளி, ஒழுக்கக்கேடு இருந்தால் மட்டுமே தள்ளலாம் என்றது. ஹில்லேலின் பள்ளியோ, சமையல் தீய்ந்துபோனாலே போதும் என்றது! அடுப்பில் சட்டி கரிந்தால் பெண் தெருவில் நிற்கவேண்டும். கையில் ஒரு தள்ளுதற்சீட்டு, அவ்வளவுதான்.

இயேசு அவர்களை ஆதியாகமத்துக்கே இழுத்துக்கொண்டு போய், தேவன் இணைத்ததை மனுஷன் பிரிக்கக்கூடாது என்றார். மோசே கட்டளையிட்டாரே என்று அவர்கள் வாதாடினார்கள். கட்டளை அல்ல, உங்கள் இருதய கடினத்துக்காகக் கொடுத்த இடம் என்று அவர் திருத்தினார். உபாகமம் 24-ஐத் திறந்து பாருங்கள், மனைவியைத் தள்ளு என்ற கட்டளை அங்கே இல்லை. அந்தக் கடின இருதயம் யாருடையது? எதிரே நின்று கேட்ட ஆண்களுடையது! சீஷர்களே திகைத்து, அப்படியானால் கல்யாணமே வேண்டாம் போலிருக்கிறதே என்றார்கள். பெண்ணைக் காக்க அவர் கட்டிய வேலி அது. அதைத்தான் நாம் அவளுக்குச் சிறையாக்கினோம்.

நான் விவாகத்தை இலேசாக எண்ணுகிறவன் அல்ல. மாற்கிலும் லூக்காவிலும் இதற்கு விதிவிலக்கே இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் மத்தேயு இரண்டு இடத்தில் விதிவிலக்கைச் சொல்கிறார். அவிசுவாசி பிரிந்துபோனால் விசுவாசி அடிமைப்பட்டவர் அல்ல என்று பவுல் 1 கொரிந்தியர் 7:15-இல் எழுதுகிறார். கத்தோலிக்கத் திருச்சபை, முறையாக நடந்த திருமண பந்தம் மரணம்வரை அறாது என்கிறது. வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையோ விபசாரத்தையும் வேண்டுமென்றே கைவிட்டுப் போவதையும் காரணமாக ஏற்று, குற்றமற்றவருக்கு மறுவிவாகத்தை அனுமதிக்கிறது. நான் இந்தப் பக்கம் நிற்கிறேன். கை ஓங்கி மனைவியை வீட்டைவிட்டு ஓடவைக்கிறவன்தான் அவளைக் கைவிட்டவன். உடன்படிக்கையை முறித்தவன் அவன்!

நம் தேசத்துச் சட்டத்தையும் பாருங்கள். 1869-இன் விவாகரத்துச் சட்டத்தில் புருஷன் மனைவியின் விபசாரத்தை மட்டும் நிரூபித்தால் போதுமாயிருந்தது. மனைவியோ விபசாரத்தோடு கொடுமையையோ, இரண்டு ஆண்டு கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்கவேண்டியிருந்தது. அடித்தான் என்பது மட்டும் விவாகரத்துக்குப் போதவில்லை. 1995-இல் கேரள உயர் நீதிமன்றம் அந்தக் கட்டை அறுத்தது. 2001-இல் பாராளுமன்றம் சட்டத்தையே திருத்தியது. 132 ஆண்டுகள்! சட்டம் திருந்திவிட்டது, நம் மூப்பர் கூட்டம் இன்னும் அவளைத் திருப்பி அனுப்பிய அந்த வாசலிலேயே நிற்கிறது.

ஆயர்மாரே, மூப்பர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். அடுத்த முறை அப்படி ஒருத்தி வந்தால், அவளுக்கு முதலில் பூட்டிக்கொள்ள ஓர் அறை கொடுங்கள். வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். வேண்டுமானால் காவல் நிலையத்துக்கும் துணைக்குப் போங்கள். அப்புறம் அவள் புருஷனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மல்கியா இரண்டாம் அதிகாரத்தை அவனுக்கு வாசியுங்கள்.